சத்து மாத்திரை: யாருக்கு எத்தனை, எப்படிச் சாப்பிடுவது, எதைக் கேட்டு வாங்குவது

கர்ப்பிணி இருக்கிற வீட்டுக்குப் போய், “சத்து மாத்திரை சாப்பிடுறியாம்மா?” என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். நர்சிங் மாணவிகளை அழைத்துக்கொண்டு பல வருடமாகக் கிராமங்களுக்குப் போகிறேன். முதல் கேள்விக்கே ‘இல்லை’ என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். “அந்த அட்டையைக் கொஞ்சம் எடுத்துட்டு வாம்மா, பாக்கலாம்” என்று கேட்ட பிறகுதான் விஷயம் தெரியும். ஒரு வீட்டில் அந்தப் பெண் அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு நாலு அட்டைகளை எடுத்தாள். மூன்று அட்டைகள் அப்படியே முழுசாக இருந்தன. நாலாவதில் மூன்று குழிகள் மட்டும் காலி. மூன்றாம் நாள் மலம் கறுப்பாகப் போயிருக்கிறது. பயந்து நிறுத்திவிட்டாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம்.

மாத்திரை அவளுக்குச் சரியாக வந்து சேர்ந்திருந்தது. ‘கறுப்பாகப் போகும், அது இரும்பின் நிறம், பயப்படாதே’ என்கிற ஒரு வரி மட்டும் வந்து சேரவில்லை. ரத்தசோகைக்கு இந்த இரும்புச்சத்து மாத்திரையை அரசு தருகிற திட்டத்தில் அந்த ஒரு வரியும் மாத்திரையைப் போலவே உங்களுக்குச் சேர வேண்டியது என்பது என் கட்சி. அதனால் திட்டத்தையும் சொல்கிறேன், அந்த வரிகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

ரத்தசோகைக்கு அரசு மாத்திரை கொடுப்பது இன்று நேற்று வந்ததல்ல. 1970-லேயே இந்தியாவில் தொடங்கிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மாத்திரை என்ற திட்டம் 2012 வாக்கில் வந்தது. 2018-ல் எல்லா வயதினருக்கும் சேர்த்து ‘அனீமியா முக்த் பாரத்’, அதாவது ரத்தசோகை இல்லாத பாரதம், என்று ஒரே திட்டமாக்கினார்கள். இத்தனைக்கும் பிறகு, 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம். தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம். மருத்துவமனைப் பிரசவத்தில் நாட்டின் முன்வரிசையில் நிற்கிற மாநிலத்தில் இந்த எண்ணைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

சரி, யாருக்கு என்ன?

ஆறு மாதக் குழந்தையிலிருந்து ஐந்து வயது வரை சிரப். ஒரு தடவைக்கு 1 மி.லி., வாரத்துக்கு இரண்டு தடவை. அதில் 20 மி.கி. இரும்பும் 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். ஐந்திலிருந்து ஒன்பது வயது வரை இளஞ்சிவப்பு மாத்திரை, வாரம் ஒன்று, 45 மி.கி. இரும்பு. பத்து வயதிலிருந்து பத்தொன்பது வரை நீல மாத்திரை, அதுவும் வாரம் ஒன்றுதான், 60 மி.கி. ஆண் பிள்ளைகளுக்கும் உண்டு. ‘அது வயசுக்கு வந்த பொண்ணுங்களுக்கான மாத்திரை’ என்று சொல்லிப் பையன்கள் தூக்கி எறிவதைப் பார்த்திருக்கிறேன். வளர்கிற வயதில் அவர்களுக்கும் இரும்பு அதிகமாகத்தான் தேவை.

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் வாரத்தில் ஒரு நாள், தமிழ்நாட்டில் வழக்கமாக வியாழக்கிழமை, சத்துணவுக்குப் பிறகு ஆசிரியர் முன்னாலேயே விழுங்கச் செய்ய வேண்டும். கையில் கொடுத்து அனுப்பக் கூடாது. ஆசிரியரும் பிள்ளைகள் பார்க்க ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று திட்டமே சொல்கிறது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ‘டீச்சரே சாப்பிட்டாங்க’ என்று பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால், அதற்கு மேல் அம்மாவுக்கு நாம் விளக்கம் சொல்லத் தேவையே இருக்காது. பள்ளிக்குப் போகாத வளரிளம் பெண்களுக்கு அங்கன்வாடியில் கொடுக்கிறார்கள். நீண்ட விடுமுறை வரும்போது அந்த வாரங்களுக்கான மாத்திரையைக் கணக்குப் பண்ணி வீட்டுக்குத் தர வேண்டும். பல பெற்றோருக்கு இது தெரியாததால் கேட்பதே இல்லை. கேளுங்கள்.

இதோடு சேர்ந்ததுதான் பூச்சி மாத்திரை. கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். அதன் குட்டிப்புழு ஈர மண்ணில் வெறுங்கால் வழியாக உள்ளே போகிறது. ஒரு பக்கம் இரும்பு ஊட்டிக்கொண்டே மறுபக்கம் புழுவை வளர்த்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். 2015-ல் தேசியக் குடற்புழு நீக்க நாள் தொடங்கியது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று ஆண்டுக்கு இரண்டு தடவை. தேதி முன்னே பின்னே தள்ளிப் போகும். 1 முதல் 19 வயது வரை எல்லோருக்கும் அல்பெண்டசோல் 400 மி.கி. ஒன்று. இரண்டு வயது ஆகாத குழந்தைக்குப் பாதி மாத்திரை, பொடி பண்ணித் தண்ணீரில் கலந்து. மற்றவர்கள் நன்றாக மென்று சாப்பிட வேண்டும். முழுசாக விழுங்கச் சொல்லிப் பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கவிட வேண்டாம். வயிற்றில் புழு அதிகம் இருக்கிற பிள்ளைக்கு அன்று லேசாகக் குமட்டலோ வயிற்று வலியோ வரலாம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அன்று லீவு போட்ட பிள்ளைகளுக்கு அடுத்த வாரத்திலேயே இன்னொரு நாள் வைப்பார்கள். தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது உண்டு.

கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும். நாலாம் மாதத்திலிருந்து இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த சிவப்பு மாத்திரை, தினமும் ஒன்று, குறைந்தது 180 நாள். குழந்தை பிறந்த பிறகு இன்னும் 180 நாள். நாலிலிருந்து ஆறாம் மாதத்துக்குள் பூச்சி மாத்திரை ஒன்று. எல்லாம் இலவசம்தான், துணை சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். ஒரு கர்ப்ப காலம் முழுவதுக்கும் உடம்புக்குக் கூடுதலாகத் தேவைப்படும் இரும்பு ஏறக்குறைய 1,000 மி.கி. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் அவசியம் சாப்பிட வேண்டும், ஆனால் கீரையில் இருக்கிற இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். ‘நாங்க கீரை சாப்பிட்டே நாலு பெத்தோம்’ என்று மாமியார் சொல்லும்போது அவரோடு சண்டை போட வேண்டாம். கீரையும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்.

ரத்த அளவு, அதாவது ஹீமோகுளோபின், எவ்வளவு என்று ஒவ்வொரு செக்கப்பிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 7-க்கு மேல் இருந்தால் தினம் இரண்டு மாத்திரையாகக் கொடுத்து மாதா மாதம் பார்ப்பார்கள். ஒரு மாதத்தில் ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் வந்தவர்களுக்கும் இரும்புச்சத்தை ஊசி வழியாக நரம்பில் ஏற்றுவார்கள். 7-க்குக் கீழே என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமே இல்லை, ஆஸ்பத்திரிதான். பிரசவத்தில் எல்லோருக்கும் ரத்தம் போகும். உடம்பில் இருப்பே இல்லாதவளுக்கு அந்தச் சாதாரண இழப்பே உயிருக்கு ஆபத்தாகிவிடும். இதைத்தான் வீட்டுப் பெரியவர்களிடமும் கணவரிடமும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளில் 5 முதல் 11 வயது வரை 11.5-க்குக் கீழேயும், 12 முதல் 14 வரை 12-க்குக் கீழேயும் இருந்தால் ரத்தசோகை. வாரம் ஒரு மாத்திரை என்பது வராமல் தடுக்கத்தான். ஏற்கெனவே ரத்தம் குறைந்த பிள்ளைக்குத் தனியாக, அதிக அளவில் மருத்துவம் வேண்டும். அதனால் ‘ஸ்கூல்ல மாத்திரை தராங்களே’ என்று சும்மா இருந்துவிடாதீர்கள். எப்போதும் சோர்ந்து கிடக்கிற, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற, மண்ணையோ சாக்பீஸையோ அரிசியையோ தின்கிற பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். தலசீமியா என்கிற பரம்பரை ரத்த நோய் உள்ள பிள்ளைக்கு டாக்டர் சொல்லாமல் இரும்பு மாத்திரை தரக் கூடாது, ஆசிரியரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கிற குழந்தைக்கும் அது சரியாகும் வரை சிரப்பை நிறுத்தி வைக்கலாம்.

இனி அந்த வரிகள்.

வெறும் வயிற்றில் வேண்டாம், குமட்டும். காலையில் ஏற்கெனவே வாந்தி எடுக்கிற பெண்ணிடம் ‘காலையில் போடு’ என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போகும் முன் போட்டால் குமட்டல் தூக்கத்திலேயே கழிந்துவிடும். டீ, காபியோடு போட்டால் இரும்பு உடம்பில் சேராது, முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய், கொய்யா இவற்றோடு சேர்த்தால் நன்றாக ஒட்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் கர்ப்பிணிக்குக் கொடுப்பார்கள், அதையும் இதையும் ஒரே நேரத்தில் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும். இரண்டு மணி நேரம் விட்டுப் போடுங்கள். மலச்சிக்கல் வந்தால் தண்ணீரும் பழமும் கூட்டுங்கள், அப்புறமும் சரியாகவில்லை என்றால் நர்சிடம் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்த வேண்டாம். குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்பது உண்மையே இல்லை. குழந்தை பெரிதாகிப் பிரசவம் கஷ்டமாகும் என்ற பேச்சுக்கும் பயந்து நிறுத்த வேண்டாம், எடை சரியாக உள்ள குழந்தை பிறப்பது நல்லதுதானே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக்கும் வரும். மாத்திரையோடு அதை எப்படிச் சேர்த்துச் சாப்பிடுவது என்று நர்சிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் மாதிரி இருக்கிறதே என்று சின்னக் குழந்தை நாலைந்தை விழுங்கிவிட்டால் அது விஷம், 108-க்கு உடனே கூப்பிடுங்கள்.

எம்.எஸ்ஸி. நர்சிங் படிக்கிற மாணவிகள் ஆய்வுக்கு அடிக்கடி எடுக்கிற தலைப்பு இதுதான்: தாய்மார்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ரத்தசோகை பற்றிச் சுகாதாரக் கல்வி கொடுத்தால் எவ்வளவு மாற்றம் வரும் என்பது. ஒரு வினாத்தாள் கொடுப்பார்கள், படம் போட்ட அட்டைகளை வைத்து வகுப்பு எடுப்பார்கள், ஒரு வாரம் கழித்து அதே வினாத்தாளைத் திரும்பக் கொடுப்பார்கள். மதிப்பெண் ஏறும். ஏறாமல் எங்கே போகும்? முருங்கைக்கீரையில் என்ன சத்து என்று போன வாரம் சொல்லிக்கொடுத்ததை இந்த வாரம் எழுதிவிடுவார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, அந்த வகுப்பால்தான் பல தாய்மார்கள் முதல்தடவையாக வாயைத் திறந்து சந்தேகம் கேட்கிறார்கள். ஆனால் என் மாணவிகளிடம் நான் வற்புறுத்துவது ஒன்று உண்டு. மூன்று மாதம் கழித்து அந்த வீட்டுக்குத் திரும்பப் போங்கள், அரிசி டப்பாவைத் திறக்கச் சொல்லி அட்டையில் எத்தனை குழி காலி என்று எண்ணுங்கள். முடிந்தால் ரத்தத்தையும் பாருங்கள். நாம் சொன்னது காதோடு நின்றுவிட்டதா, வயிறு வரை போனதா என்று அந்தக் காலிக் குழிகளில்தான் தெரியும்.

கடைசியாக, நான் அதிகம் பார்க்கிற ஒரு சறுக்கல். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டதும் பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். இங்கே இருக்கிற கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் அவள் பெயர் அப்படியே நிற்கும், அங்கே இருப்பவருக்கு இவள் வந்ததே தெரியாது. ரத்தம் அதிகம் தேவைப்படுகிற அந்த மாதங்களிலும், பிரசவத்துக்குப் பிந்தைய 180 நாளிலும் மாத்திரை நின்றுபோவது இப்படித்தான். புறப்படும்போது புடவையோடு தாய் சேய் நல அட்டையையும் மீதி மாத்திரையையும் பையில் வையுங்கள். அங்கே போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அந்த ஊர் துணை சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த எண்ணை, கொடுத்தால் அவர்கள் கணினியில் உங்கள் விவரம் எல்லாம் வந்துவிடும், பழைய ஊருக்கு அலைய வேண்டாம். நீங்கள் வேறு ஊர்க்காரி என்று திருப்பி அனுப்பினாலோ, மாத்திரை இல்லை என்று சொன்னாலோ 104-க்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதும் அடுத்த மாதத்துக்கான மாத்திரையை வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். பால் கொடுக்கிற காலம், உங்களுக்கும் ரத்தம் ஊற வேண்டும்.