மைலேஜ் குறைந்தால் உடனே டிரைவரைச் சந்தேகிக்காதீர்கள்

தேனி மாவட்டக் கூடலூரில் டீசல் பிக்கப் வண்டிகளுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் நான். "கம்பெனி சொன்ன மைலேஜ் வரவில்லை, டிரைவர் டீசலை விற்கிறான்" என்று பேட்டாவில் பிடித்தம் செய்யும் ஓனர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பெரும்பாலும் அது அநியாயம்.

கம்பெனி சொல்லும் கணக்கு, சோதனைக் கூடத்தில் உருளைமேல் வண்டியை ஓட்டி எடுப்பது. சுமார் 20 நிமிட ஓட்டம். அதில் மலையேற்றம் இல்லை, முழு லோடும் இல்லை.

நம் வண்டி போவது கேரள எல்லையில் மலைமேல் இருக்கும் குமுளி வழியாகக் கோட்டயத்துக்கு. கூடலூரிலிருந்து குமுளிக்கே ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். லோடோடு 3 டன் இருக்கும் வண்டியை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் சுமார் 15 மெகாஜூல் ஆற்றல் தேவை. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் இருக்கிறது. எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். ஆக, சாதாரண ஓட்டச் செலவு போக, ஏற்றத்துக்கென்றே ஒன்றேகால் லிட்டர் போய்விடுகிறது. இதை எந்த டிரைவரும் மிச்சம் பிடிக்க முடியாது. அப்புறம் கோட்டயத்துக்கு இறங்கும்போது அது திரும்பக் கிடைக்குமா என்றால், பெரும்பகுதி பிரேக்கிலும் எஞ்சினின் பிடிப்பிலும் சூடாகப் போய்விடும். வரும்போது காலி வண்டி, ஆனால் அந்த மலை முழுவதையும் மறுபடி ஏற வேண்டும்.

மைலேஜுக்குப் பயந்து சில டிரைவர்கள் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இப்போதைய எஞ்சின்களில் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் சும்மா ஓட (ஐடிலிங்) டீசல் எரியும். எஞ்சினின் பிடிப்பு இல்லாமல் பிரேக் அளவுக்கு மீறிச் சூடாகிப்போனால், கொண்டை ஊசி வளைவில் வண்டி நிற்காது.

சரி, உண்மையான மைலேஜை எப்படிப் பார்ப்பது? கேரளத்தில் 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் செஸ் என்பதால் பலரும் இந்தப் பக்கமே டீசல் போடுகிறார்கள். அது வசதிதான். ஒரே பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பி, போய்வந்து, அதே பங்கில் மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுங்கள். பக்கத்திலேயே லோடு எத்தனை கிலோ என்றும் எழுதுங்கள். ஐந்தாறு நடைக்குப் பிறகு உங்கள் வண்டியின் சராசரி தெரியும். 500 ரூபாய்க்குப் போட்டுப் பார்த்த கணக்கை நம்பாதீர்கள்.

அந்தச் சராசரியிலிருந்து திடீரென்று இறங்கினால் முதலில் டயர் காற்று, ஏர் ஃபில்டர், டீசல் லைனில் கசிவு. ஓடி வந்ததும் சக்கரங்களுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டி ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன நடை ஓடினால், புகை ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிக்கவும் கூடுதல் டீசல் போகும். தார்ப்பாய் தளர்ந்து படபடத்தாலும் செலவுதான்.

இவ்வளவும் சரியாக இருந்து கணக்கு இன்னும் இடித்தால் மட்டும் டிரைவரிடம் கேளுங்கள். அதையும் நாலு பேர் முன்னால் கேட்காமல், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.