வீட்டில் விமானம் கட்டுபவர்களே, துளையின் விளிம்பைப் பாருங்கள்

அமெரிக்காவில் கார் ஷெட்டிலேயே விமானம் கட்டிப் பறப்பவர்கள் ஏராளம். வேலையில் பாதிக்கு மேல் ஆர்வலர்களே செய்திருந்தால், சோதனை முயற்சி விமானமாக அமெரிக்க விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. சான்று தருகிறது. விமானத் தகட்டு வேலை என் தொழில் என்பதால், தாங்கள் அடித்த ரிவெட்டுகளின், அதாவது தகடுகளைத் துளையில் செருகி அடித்து இணைக்கும் ஆணிகளின், படங்களை அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். நான் முதலில் தேடுவது துளையின் விளிம்பைத்தான்.

இறக்கைக்குப் போர்த்தும் 2024-டி3 அலுமினியத் தகடு வலுவானது, ஆனால் கீறலைப் பொறுக்காது. ரிவெட் தலை தகட்டோடு சமமாக அமிழ, துளையைச் சுற்றிக் குழி அழுத்துகிறோம், டிம்பிள் என்போம். அப்போது துளையின் வாய் விரிந்துகொடுக்க வேண்டும். அங்கே பிசிறோ வெட்டோ இருந்தால் வெடிப்பு அதிலிருந்துதான் கிளம்பும்.

வீட்டில் கட்டுவதற்கான விமானப் பாகத் தொகுப்புகளை, அதாவது கிட்டுகளை, விற்கும் வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் கிட்டுகளில் 2023-இல் நடந்ததும் இதுதான். வழக்கமாகப் பஞ்சில் குத்தும் துளைகள் சில பாகங்களில் லேசரால் வெட்டப்பட்டிருந்தன. லேசர் வெட்டைத் தொடங்கி முடித்த இடத்தில் சிறு வடு. டிம்பிள் அடித்ததும் அங்கே வெடிப்பு. நிறுவனம் சோதனைகள் நடத்தி, பாகங்களை மாற்றிக்கொடுக்க வேண்டிவந்தது. அந்த டிசம்பரிலேயே கடன் சுமைக்காக நீதிமன்றப் பாதுகாப்பையும் நாடியது.

கிட் எங்கிருந்து வந்தாலும் விளிம்பு உங்கள் பொறுப்பு. பிசிறு நீக்கும் டிபர்ரிங் கருவியைக் கையால் இரண்டு மூன்று சுற்று, மெதுவாகச் சுற்றினால் போதும். பவர் டிரில்லில் மாட்டி அழுத்தினால் 0.6 மி.மீ. தகட்டில் துளை வாய் கத்திமுனையாகிவிடும். பிசிறைவிட அது மோசம். தகட்டின் ஓரத்தை அரத்தால் நீளவாக்கில் ராவி, விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்கும் தட்டக் கூடாது.

மடிப்புக்கோட்டை ஊசியால் கீறவே கூடாது, மெல்லிய முனை மார்க்கர் போதும். அல்கிளாட் தகட்டில் துருவைத் தடுக்கும் தூய அலுமினியப் படலம், 0.8 மி.மீ. தகட்டுக்குப் பக்கத்துக்கு 0.04 மி.மீ.தான், ஒரே கீறலில் போய்விடும்.

ரிவெட்டை அடிக்கும்போது மறுமுனையில் நசுங்கி உருவாகும் தலை, தண்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு அகலம், பாதி உயரம் இருக்க வேண்டும். இம்மி பிசகியதற்காக ரிவெட்டைத் துளைத்தெடுக்க அவசரப்படாதீர்கள். எடுக்கும்போது நல்ல துளையும் கோணலாகிவிடும். எது பரவாயில்லை, எது ஆகாது என்று சொல்ல விமான ஆர்வலர்களின் இ.ஏ.ஏ. சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர்கள் வீட்டுக்கே இலவசமாக வருகிறார்கள். இறக்கையை மூடும் கடைசித் தகட்டை ரிவெட் அடிக்கும் முன் அவர்களை அழையுங்கள். மூடிவிட்டால் உள்விளிம்புகளை அவர்களாலும் பார்க்க முடியாது.