'தூங்கினா தெளிஞ்சிடும்னு விட்டுட்டோம், டாக்டர்'

போன சனிக்கிழமை ராத்திரி, மணி 3.30. புதுச்சேரியில் நான் டூட்டி பார்க்கும் கேசுவால்டி வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஹாஸ்டல் பையன்கள் இருவர், குடித்து மயங்கிக் கிடந்த மூன்றாமவனைக் கையும் காலுமாகத் தூக்கி வந்தார்கள். வயது 19. உச்சந்தலையில் தேய்த்த எலுமிச்சை பிசுபிசுத்தது. சட்டை முழுக்க மோர். பக்கெட் தண்ணீரை ஊற்றியதில் உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. ரத்தத்தில் சர்க்கரை 46, ரொம்பக் குறைவு. மூச்சு நிமிஷத்துக்கு 7. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டதற்கு வந்த பதில்தான் தலைப்பில் இருப்பது. அவன் சாய்ந்தது 11 மணிக்கு.

இந்த பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

கண்ணை மூடிவிட்டால் போதை இறங்க ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். இல்லை. கடைசியாகக் குடித்தது இன்னும் வயிற்றில்தான் இருக்கிறது. படுத்த பிறகும் அது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். 11 மணிக்கு உளறிக்கொண்டிருந்தவன் 12 மணிக்கு உலுக்கினாலும் எழாமல் கிடப்பது அதனால்தான். ஒரு குவார்ட்டர் பிராந்தியில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் கரைப்பது ஏறக்குறைய 7 முதல் 10 கிராம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மோர், எலுமிச்சை, கடுங்காப்பி எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. அரை மயக்கத்தில் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குள் போகலாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதிலும் அதே ஆபத்து. 'குறட்டை விட்டுத் தூங்கினானே' என்பார்கள். நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும் சத்தமும் குறட்டை மாதிரிதான் கேட்கும்.

தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கிள்ளுங்கள். கண் திறக்கவில்லையா, மூச்சு நிமிஷத்துக்கு 8க்குக் கீழா, இரண்டு மூச்சுக்கு நடுவில் 10 செகண்ட் ஓடுகிறதா, உதடு நீலமா, வலிப்பா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108. மல்லாக்கப் போடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து மேல்காலை மடக்கிவிடுங்கள். வாந்தி வந்தால் வெளியே வழியட்டும். ஒருவர் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. பாட்டிலையும் எடுத்து வாருங்கள். கண் மங்குகிறது என்று அவன் சொல்லியிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், அது மெத்தனால் என்ற விஷச் சாராயத்தின் அறிகுறியாக இருக்கலாம். 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து எத்தனை பேர் போனார்கள் என்பது நமக்குத் தெரியும்.

வார்டனுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில்தான் அந்தப் பையன்கள் நாலரை மணி நேரத்தை விட்டார்கள். தம்பிகளே, சஸ்பெண்ட் ஆனால் திரும்பி வரலாம்.

சரி, அறையிலேயே குடிக்கிறவனோடு தினமும் படுத்து எழ வேண்டிய பிள்ளைகளுக்கு. மது வாங்கத் தமிழ்நாட்டில் 21 வயது ஆக வேண்டும், இங்கே 18. அதனால் கடலூர் கல்லூரிப் பையன்கள்கூட எல்லை தாண்டி வந்து, பையில் மறைத்து எடுத்துப் போகிறார்கள். போதையில் இருப்பவனிடம் நியாயம் பேசாதீர்கள். மறுநாள் மத்தியானம் தனியாகக் கூப்பிட்டு, 'எனக்குத் தூக்கம் போகிறது, இந்த அறையில் வேண்டாம்' என்று நேராகச் சொல்லுங்கள். கடன் கொடுக்காதீர்கள். அவன் அம்மா போன் செய்தால் 'குளிக்கிறான்' என்று பொய் சொல்லாதீர்கள். கேட்கவில்லை என்றால் வார்டனிடம் போய் அறை மாற்றிக் கேளுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது. சீனியர் கட்டாயப்படுத்திக் குடிக்க வைத்தால் அது ராகிங், 1800-180-5522க்குப் பேசுங்கள். குடியை விட முடியவில்லை என்று அவனே சொன்னால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அந்தப் பையனுக்கு மூச்சுவிடத் தொண்டையில் போட்டிருந்த டியூபை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எடுத்தோம். ரூம்மேட் அதுவரை வராந்தா நாற்காலியை விட்டு எழவில்லை. கரகரத்த தொண்டையில் அவன் முதலில் கேட்டது, "அம்மாவுக்குத் தெரியுமா?"

"நான்தான்டா சொன்னேன். பண்ருட்டியிலிருந்து பஸ் ஏறிட்டாங்க."