கயாக் வாங்கும் முன் அதைச் சாய்த்துப் பாருங்கள்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் பக்கம் போகிறவர்களில் பலர் இப்போது கயாக் என்கிற குறுகலான சிறு துடுப்புப் படகும் ஓட்டிவிட்டு வருகிறார்கள். தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள்ளே ஓட்டலாம், ராமநாதபுரம் தாண்டிப் பிரப்பன்வலசையில் கடலிலேயே ஓட்டலாம். அரை மணி நேரம் துடுப்புப் போட்ட சந்தோஷத்தில் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டால் என்ன என்று தோன்றும், நியாயமான ஆசைதான். ஆனால் இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் கிடைப்பது மேலே உட்கார்ந்து ஓட்டும் அகலமான வகை. கடல் கயாக் என்பது வேறு: 5 மீட்டர் நீளம், 55 முதல் 60 செ.மீ. அகலம், இடுப்புவரை உள்ளே இறங்கி உட்கார வேண்டும். முதன்முதலாக அதில் உட்காருகிறவர் ஒரு நிமிடத்துக்குள் கேட்பது, இது ஏன் இப்படி ஆடுகிறது என்பதுதான். ஆடுகிறதே என்று பயந்து இறங்கி, ஆடாத படகைத் தேடி வாங்கிவிடுகிறார்கள். அந்த முதல் பத்து நிமிட ஆட்டத்தை வைத்து ஒரு கடல் படகை எடை போடவே கூடாது என்பது என் கட்சி.

காரணம் தண்ணீருக்குள் இருக்கிறது. 25 கிலோ கயாக்கில் 70 கிலோ ஆள் உட்கார்ந்தால் மொத்தப் பாரத்தில் பெரும்பங்கு ஆளுடையது, ஆகவே ஈர்ப்பு மையமும் நம் வயிற்றுப் பக்கம் எங்கோ, நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிடுகிறது. படகு விலக்கிய தண்ணீர் அதை மேலே தள்ளுகிறதே, அந்த மிதப்பு விசையின் மையம் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மேலே கனம், கீழே தாங்கல். பார்த்தால் கவிழ வேண்டிய அமைப்புதான். கவிழாமல் இருப்பது எப்படியென்றால், படகு ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கம் கூடுதலாக அமிழ்கிறது, மிதப்பு மையமும் அந்தப் பக்கமே நகர்ந்துபோய் அங்கிருந்து மேலே தள்ளி நம்மை நிமிர்த்துகிறது. நகர்வின் அளவு படகின் அகலத்தைப் பொறுத்தது, அதுவும் அகலத்தின் முப்படியைப் பொறுத்தது. 60 செ.மீ. அகலத்தை 75 ஆக்கினால் கூடியது கால் பங்குதான், ஆனால் அகலத்தால் கிடைக்கும் நிமிர்த்தும் திறன் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. மேலே உட்காரும் வகை அவ்வளவு அகலமாக இருப்பதும் இதனால்தான். இருக்கை உயர்ந்தால் ஈர்ப்பு மையமும் உயரும், அதை ஈடுகட்ட அகலம் வேண்டும்.

அப்படியானால் அகலமாகவே வாங்கிவிடலாமே? கண்மாயில் ஓட்டுவதென்றால் தாராளமாக வாங்கலாம். அகலமான, அடி தட்டையான படகு எப்போதும் நீர்ப்பரப்புக்கு இணையாகவே இருக்கப் பார்க்கும். கண்மாயில் நீர்ப்பரப்பு சமமாக இருப்பதால் படகும் சமமாக நிற்கிறது. கடலில் பக்கவாட்டில் ஓர் அலை வந்தால் நீர்ப்பரப்பே சரிவாகிவிடுகிறது, அகலப் படகு அந்தச் சரிவோடு சேர்ந்து சாய்ந்து, உங்களையும் சாய்க்கிறது. இவ்வளவு நேரம் நிமிர்த்திய அதே விசைதான் இப்போது கவிழ்க்கவும் பார்க்கிறது. குறுகலான, அடி வளைந்த கயாக் முதல் சில பாகைகளுக்குப் பெரிதாக எதிர்ப்புக் காட்டாது, ஆட்டமாகத் தெரிவது அதுதான். இன்னும் சாய்த்தால் அதன் விரிந்த பக்கச்சுவர் தண்ணீருக்குள் இறங்கி, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இடையில் இருக்கும் அந்தத் தளர்ச்சியால் அலை அடியில் கடந்து போகும்போது இடுப்புக்குக் கீழே படகு மட்டும் அசைய, உடம்பு நேராக இருக்கிறது. சைக்கிள் பழகிய உடம்பு இதையும் பழகிக்கொள்ளும்.

அதனால் சோதிக்க வேண்டியது ஆடுகிறதா என்பதை அல்ல, எவ்வளவு சாய்த்தால் கெட்டியாகிறது என்பதை. இடுப்பளவு தண்ணீரில் உட்காருங்கள், ஒருவர் படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். உடம்பை நேராக வைத்துக்கொண்டு, ஒரு முழங்காலை மேல்தளத்தின் அடியில் கொடுத்துத் தூக்கி, படகை மட்டும் மறுபக்கம் சாய்த்துப் பாருங்கள். மெதுவாக, விளிம்பு தண்ணீரைத் தொடுகிறவரை. நல்ல கடல் கயாக் ஓர் இடத்தில் தாங்கி நிற்பதைத் தொடையிலேயே உணரலாம். சில படகுகளில் அந்த இடமே வராது, போகிறது போகிறது என்று இருந்து படக்கென்று புரண்டுவிடும். முழங்காலும் இடுப்பும் எங்கேயும் படாமல் தொளதொளவென்று இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது, அந்தப் படகு உங்கள் அளவு இல்லை. கயாக்கை உருவாக்கிய ஆர்க்டிக் மக்கள் மரச்சட்டத்தில் கடல்நாய்த் தோலைப் போர்த்தி, ஓட்டுகிறவரின் உடல் அளவுக்கே ஒவ்வொன்றையும் கட்டினார்கள். இடுப்பின் அகலத்தோடு இரண்டு கை முட்டிகளின் அளவைக் கூட்டி அகலத்தை வைப்பது அவர்களிடம் இருந்த ஒரு கணக்கு.

நீளத்தைப் பற்றி விற்பவர்கள் நிறையச் சொல்வார்கள். ஓடும் படகு தானே ஓர் அலையை எழுப்புகிறது, அந்த அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டியதும் மேற்கொண்டு வேகம் கூட்டுவது அந்த அலை மேலேயே ஏறுவது மாதிரி ஆகிவிடுகிறது. 5 மீட்டர் படகுக்கு அந்த எல்லை மணிக்குச் சுமார் 10 கி.மீ., 3 மீட்டருக்கு 8-க்குச் சற்றுக் குறைவு. சரி, புதிதாக ஓட்டுகிறவர் போவது மணிக்கு 5 கி.மீ. வேகத்தில். அந்த வேகத்தில் தடையில் பெரும்பங்கு தண்ணீரோடு உரசும் பரப்பால் வருகிறது, நீளப் படகில் அந்தப் பரப்பு கூடுதல். ஆகவே வேகத்துக்காக என்று சொல்லி மிக நீளமானதைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள். நீளத்தின் நிஜமான பயன் நேர்கோட்டில் போவது.

நேர்கோடு என்றதும் காற்றைப் பேசியாக வேண்டும். காலை ஏழு மணிக்கு எந்தப் படகும் சொன்னபடி கேட்கும், பத்து பதினொரு மணிக்குக் கடற்காற்று எழும்பிய பிறகு ஓட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது கயாக்கின் மூக்கு தானாகக் காற்றை நோக்கித் திரும்பும். முன்னே போகும் படகின் மூக்கு கலங்காத தண்ணீரை அழுத்திக்கொண்டு போவதால் அங்கே பிடிப்பு அதிகம், பின்பகுதி ஏற்கெனவே கலங்கிய தண்ணீரில் இருப்பதால் காற்று அதைச் சுலபமாகத் தள்ளிவிடுகிறது. பின்னால் அடியில் இறக்கும் சிறு தகடு, ஸ்கெக் என்பார்கள், அந்தப் பின்பகுதிக்கும் பிடிப்புக் கொடுக்கிறது. அதை ஏற்றியும் இறக்கியும் ஓட்டிப் பாருங்கள். இறக்கிய பிறகும் ஒரே பக்கம் துடுப்புப் போட்டுக் கை ஓய்ந்தால் அது உங்கள் எடைக்கான படகு அல்ல. படகு தண்ணீருக்கு மேல் மிதமிஞ்சி உயர்ந்து நின்றால் காற்று பிடித்துக்கொள்ளும், ஒல்லியானவர்களுக்குப் பெரிய படகில் இந்தத் தொந்தரவு நிச்சயம்.

எந்தப் பக்கம், எந்த மாதம் என்பதும் முக்கியம். தென்மேற்குப் பருவக்காற்றின்போது தென்கடல் என்கிற மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் நீரிணைப் பக்கம் அமைதியாகக் கிடக்கும். வாடைக் காற்றில் இது தலைகீழ். வடகடலின் அந்த அமைதியை நம்பி வெளியே போவது ஆபத்து. காற்று கரையிலிருந்து கடலுக்குள் வீசுவதால்தான் கரையோரம் அலையே இல்லாமல் தெரிகிறது, உள்ளே போகப் போக அலையும் வளரும், திரும்பும்போது முழுக் காற்றும் முகத்தில் அடிக்கும். பழகும்வரை கரைநோக்கி வீசும் மெல்லிய காற்றில், உயிர்காப்புச் சட்டையோடு, ஊர் மீனவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அப்புறம், கவிழ்த்துப் பாருங்கள். கிணற்று நீச்சல் தெரிந்தவர்களுக்குக்கூட, தலைகீழாக இருந்துகொண்டு கால்களை உருவி வெளியே வருவது புது அனுபவம், பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இல்லாமல் செய்யக் கூடாது. வெளியே வந்ததும் படகு எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்று பாருங்கள். முன்னும் பின்னும் அடைத்த அறைகள் இருந்தால் நடுவில் மட்டும்தான் தண்ணீர் ஏறும். அறைகள் இல்லாமல் 200 லிட்டர் ஏறினால் அது 200 கிலோ, அதுவும் நாம் சாயும் பக்கமெல்லாம் ஓடிச் சாய்வைக் கூட்டும் 200 கிலோ. மேலே உட்காரும் வகையில் தளத்தில் ஏறிய தண்ணீர் ஓட்டைகள் வழியே தானாக வடிந்துவிடும். தனியாகப் போகிறவர்களுக்கு அது பெரிய அனுகூலம், கௌரவக் குறைச்சல் என்று நினைத்து ஒதுக்க வேண்டாம்.

கடைசியாக வீட்டு நிலவரம். விலை குறைந்த கயாக்குகள் பாலிஎத்திலீனால் ஆனவை, சூட்டில் இளகும். மதுரைச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் இரண்டே கட்டையில் கிடத்தி வைத்தால் அடிப்பாகம் கட்டை பட்ட இடத்தில் குழிந்துபோகும், அந்தக் குழி தண்ணீரில் கூடுதல் இழுவை. நிழலில், பக்கவாட்டில் சாய்த்து, அடியில் அகலமாக மெத்தென்று ஏதாவது போட்டு வைக்க 5 மீட்டர் இடம் இருக்கிறதா என்று படகைப் பார்க்கப் போகும் முன்பே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.