பழைய கணினியில் மெயில் எடுக்கும் ஸ்கிரிப்ட்: அழிக்கும் வரியை முதலில் பாருங்கள்

"மெயில் மட்டும் வந்தால் போதும்" என்று சொல்லித்தான் பழைய கணினிகளை என்னிடம் கொண்டு வருவார்கள். இன்றைய பிரவுசர் அதில் நகரவே நகராது. ஆனால் மெயிலை எடுக்க பிரவுசரே தேவையில்லை. ஃபெட்ச்மெயில், கெட்மெயில், எம்பாப் என்று இலவசக் கருவிகள் இருக்கின்றன. கட்டளை வரியில் ஓடும், நினைவகத்தைத் தின்னாது. குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் போட்டுவிட்டால் அரை மணிக்கொரு முறை தானாகவே போய் மெயிலைக் கொண்டு வரும்.

அண்மையில் வந்த ஒரு கணினியில் இவை எதுவும் இல்லை. தெரிந்தவர் யாரோ எழுதிக் கொடுத்த முப்பது வரி ஸ்கிரிப்ட்தான் (சிறு நிரல்) இருந்தது. வருடக்கணக்காக ஒழுங்காக ஓடியிருக்கிறது. ஒருநாள் ஹார்டுடிஸ்க் நிரம்பிவிட்டது. ஸ்கிரிப்ட் மெயிலை வாங்கி, கோப்பில் எழுதப் போனது, இடமில்லை. எழுத முடிந்ததா என்று பார்க்க அதில் ஒரு வரிகூட இல்லாததால், நேராக அடுத்த வேலைக்குப் போய் சர்வரில் இருந்ததை அழித்துவிட்டது. நான் கோப்புறையைத் திறந்தபோது மணிக்கு ஒன்றாகக் கோப்புகள் வரிசையாக நின்றன. எல்லாமே 0 பைட். மூன்று நாள் மெயில் இங்கும் இல்லை, அங்கும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

சர்வரிலிருந்து மெயிலை இறக்கப் பயன்படும் பாப்3 நெறிமுறை இதற்கு இடம் கொடுக்காமல்தான் அமைந்திருக்கிறது. 'டெலீ 1' என்று அனுப்பினால் சர்வர் முதல் மெயிலைக் குறித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். 'குயிட்' என்று முறையாக விடைபெற்ற பிறகே அழிக்கும். நடுவில் இணைப்பு அறுந்தால் மெயில் அப்படியே இருக்கும். ஆகவே கோப்பு டிஸ்கில் ஏறியதை உறுதி செய்யாமல் டெலீ அனுப்பும் ஸ்கிரிப்டை நம்பவே கூடாது. நல்ல கருவியிலும் அமைப்பைப் பாருங்கள்: ஃபெட்ச்மெயிலில் 'கீப்' என்று சொல்லாவிட்டால், எடுத்த மெயிலைச் சர்வரிலிருந்து நீக்கிவிடும். கெட்மெயில் நாம் சொன்னால்தான் நீக்கும். முதல் சில வாரங்களுக்கு எதையும் நீக்க வேண்டாம் என்பதே என் பழக்கம்.

அடுத்த கவலை கடவுச்சொல். பாப்3 சர்வரின் 110-ஆம் போர்ட்டில் (இணைப்பு வாசல்) சாதாரணமாக உள்ளே போனால் கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே போகும். 995-இல் டிஎல்எஸ் என்ற மறையாக்க உறைக்குள் போகும். சிக்கல் என்னவென்றால், டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் 2021-இல் அதிகாரபூர்வமாகக் கைவிட்டுவிட்டார்கள். பழைய கணினிக்கோ அவைதான் தெரியும். உடனே பலர் சர்வர் உண்மையானதுதானா என்று பார்க்கும் சான்றிதழ் சரிபார்ப்பை அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வீட்டில் சற்றுப் புதிய கணினி ஒன்று இருந்தால் அதில் எஸ்டனல் என்ற டிஎல்எஸ் இடைத்தரகு நிரலை ஓட விடுங்கள். வெளியே பேசுவதை அது பார்த்துக்கொள்ளும், பழைய கணினி வீட்டுக்குள் அதனோடு மட்டும் பேசினால் போதும்.

அதற்கும் முன்னால் கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தால், நல்ல சான்றிதழையும் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று தள்ளிவிடும்.

ஜிமெயில் தனிப்பட்ட கணக்குகளில் வழக்கமான கடவுச்சொல்லை இத்தகைய கருவிகளிடமிருந்து 2022 மே மாத முடிவிலிருந்து ஏற்பதில்லை. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் கடவுச்சொல் வாங்க வேண்டும். அதை எழுதி வைக்கும் கோப்பின் அனுமதி 600 ஆக (உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும்) இருக்கட்டும்.

யூஸ்நெட் என்ற பழைய விவாத வலையமைப்பின் நியூஸ்குரூப்களைப் படிப்பவர்களுக்கு, கட்டுரைகளை இறக்கித் தரும் லீஃப்நோட், சக் இரண்டும் உண்டு. கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரியில் யூஸ்நெட்டை விட்டு விலகினாலும் மற்ற சர்வர்கள் இயங்குகின்றன. இங்கே அழியும் பயமில்லை. கடைசியாகப் படித்த கட்டுரையின் எண்ணை வைத்துத்தான் அடுத்ததை எடுக்கும். அந்த எண் சர்வருக்குச் சர்வர் வேறு. சர்வரை மாற்றிவிட்டுப் பழைய எண்ணையே விட்டுவைத்தால், புதிய சர்வரின் எண்கள் அதைவிடச் சிறியவையாக இருக்கும்போது புதிதாக எதுவும் வராதது போலவே இருக்கும். பைத்தானில் சொந்தமாக எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: நியூஸ்குரூப்புக்கான என்என்டிபிலிப் தொகுதி 3.13 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. பாப்3-க்கான பாப்லிப் இருக்கிறது.

சரி, எல்லாம் அமைத்தாயிற்று. அப்புறம் உங்களுக்கே ஒரு மெயில் அனுப்புங்கள். உள்ளே ஒரு வரி புள்ளியில் தொடங்கட்டும். பாப்3-இல் தனிப் புள்ளி மெயிலின் முடிவைக் குறிக்கும்; அதனால் அப்படித் தொடங்கும் வரிக்குச் சர்வர் இன்னொரு புள்ளி சேர்த்து அனுப்பும், ஸ்கிரிப்ட் அதை நீக்க வேண்டும். அது இரண்டு புள்ளியாக வந்து சேர்ந்தாலோ, அந்த வரியோடு மெயில் அறுபட்டு நின்றாலோ, ஸ்கிரிப்டைத் திருத்தும் வரை கிரானில் போடாதீர்கள்.