ஆறடித் தொட்டிக்கு மீன் கடைசியாகத்தான் வரவேண்டும்

வேலூரிலும் சுற்று வட்டாரத்திலும் வீடுகளுக்கு மீன்தொட்டி அமைத்துக் கொடுக்கும் வேலையைப் பதினாறு வருடமாகச் செய்துவருகிறேன். எனக்கு வரும் அவசர போன்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் தொடங்கும். "தண்ணி பளிங்கு மாதிரி இருக்குதுங்க. ஆனா மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது." தொட்டி வைத்து எத்தனை நாள் ஆச்சு என்று கேட்பேன். நான்கு நாள், ஆறு நாள், மிஞ்சிப்போனால் பத்து நாள் என்பார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு மூன்று மீன் மிதந்துவிடும். குழந்தைகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த மீன்களுக்குப் பெரும்பாலும் எந்த நோயும் இருக்காது. தண்ணீர் தெளிவாக இருப்பது வேறு, மீன் வாழத் தயாராக இருப்பது வேறு. பெரிய தொட்டி வைப்பவர்கள் மீனைப் பார்த்து ஆசைப்பட்டு, அதற்கேற்ற தொட்டி வாங்கி, அப்புறம்தான் தண்ணீரைப் பற்றி யோசிக்கிறார்கள். வேலை நடக்கவேண்டிய வரிசை இதற்கு நேர் எதிர். முதலில் தரை, பிறகு தண்ணீர், அதற்கப்புறம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், கடைசியில் மீன்.

தரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்பது இப்போது ஹாலுக்கு அதிகம் கேட்கப்படும் அளவு. விளிம்பு வரை நிரப்பினால் அதில் சுமார் 680 லிட்டர் பிடிக்கும். இரண்டு அங்குலம் குறைத்து ஊற்றினாலும் 600 லிட்டருக்கு மேல். லிட்டருக்கு ஒரு கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டும் 120 கிலோ வரும். கூழாங்கல், பாறை, இரும்பு ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் 850, 900 கிலோ. ஒரு சின்ன காரின் எடையைப் பன்னிரண்டு சதுர அடியில் நிறுத்துகிறீர்கள் என்று அர்த்தம். வீட்டு மாடித் தளங்களை வடிவமைக்கும்போது சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ நடமாடும் பாரம் என்றுதான் கணக்கு வைப்பார்கள். இந்தத் தொட்டி நிற்கும் இடத்தில் அது 800 வருகிறது.

அதனால் மாடியில் வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. தரைத்தளம் என்றால் கவலை குறைவு. மாடி என்றால், கீழே பீம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு, சுவரை ஒட்டி, பீமுக்குக் குறுக்கே வைக்கவேண்டும். அதைக் கட்டட இன்ஜினியர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். கொசப்பேட்டை போன்ற பழைய பகுதிகளில் மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் மாடிகள் இன்னும் இருக்கின்றன. அந்த மாடிகளில் நான் பெரிய தொட்டி வைத்துக் கொடுப்பதில்லை, எத்தனை முறை கேட்டாலும் சரி.

அடுத்தது மட்டம். முன்பக்கக் கண்ணாடியை உள்ளிருந்து தண்ணீர் தள்ளும் விசை, இந்த அளவுத் தொட்டியில் ஏறக்குறைய 340 கிலோ எடைக்குச் சமம். ஐந்து பெரியவர்கள் இரவும் பகலும் கண்ணாடியில் சாய்ந்து நிற்பதுபோல. ஸ்டாண்ட் ஒரு மூலையில் மூன்று மில்லிமீட்டர் இறங்கினாலே கண்ணாடி முறுக்கிக்கொள்ளும், அந்த அழுத்தம் சிலிகான் ஒட்டில் போய் உட்காரும். கொத்தனாரின் ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பார்த்து, தொட்டிக்கு அடியில் ஓர் அங்குலத் தெர்மாகோல் போட்டு, பாதி தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு மறுபடி ரசமட்டம் வைக்கிறேன். முதல் நாள் நடுவில் நின்ற குமிழ் மறுநாள் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டைல்ஸுக்கு அடியில் வெற்றிடம் இருந்தால் அப்படி ஆகும். முழுக்க நிரப்பிய பிறகு தெரியவந்தால் திரும்பவும் எல்லாவற்றையும் இறைக்கவேண்டும்.

சரி, தண்ணீர். நம் ஊரில் மூன்று வகைத் தண்ணீர் கிடைக்கிறது. போர் தண்ணீர், காவிரிக் குடிநீர், ஆர்.ஓ. கேன். போர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். பக்கெட்டில் வெள்ளைப் படிவு, ஷவரில் அடைப்பு, சோப்பு நுரைக்காதது எல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குழாய்க் குடிநீரில் குளோரின் இருக்கும், அது மீனின் செவுளைப் பொசுக்கிவிடும். ஆன்டி குளோரின் சொட்டு விடலாம், அல்லது காற்றுக் குமிழ் ஓடவிட்டு ஒரு நாள் முழுக்கத் தேக்கி வைக்கலாம். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவது நல்லது என்று நினைப்பவர்கள் அதிகம். அது தவறு. அதில் தாது உப்புகள் அநேகமாக இல்லாததால் தண்ணீரின் காரத்தன்மை நிலைத்து நிற்காது, சில வாரங்களில் திடீரென அமிலப் பக்கம் சரியும். ஆர்.ஓ.வைக் கலப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் என்ன செய்தது என்பது நாம் வாழ்ந்து பார்த்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போன விஷயம். அந்த வட்டாரத்துப் போர் தண்ணீரை டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பித் தொட்டியில் ஊற்றாதீர்கள். மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அந்த மீட்டர் சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். மீனுக்காக இல்லாவிட்டாலும் வீட்டு மனிதர்களுக்காகச் செய்யவேண்டிய சோதனை அது.

தண்ணீர் எதுவென்று தெரிந்துவிட்டால் மீன் எதுவென்பது பாதி முடிவாகிவிடும். டிஸ்கஸ், நியான் டெட்ரா எல்லாம் அமேசான் பக்கத்து மென்நீர் மீன்கள். நம் கடினநீரில் அவற்றை வைத்துவிட்டு மாதாமாதம் மருந்து வாங்குவதைவிட, கடினநீரிலேயே பிறந்த மீனைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் தண்ணீர் காரத்தன்மை உடையது. அந்த ஏரியின் சிக்லிட் மீன்கள் நம் சாதாரணப் போர் தண்ணீரில் நல்ல நிறம் ஏறி நிற்கும். மோலி, கப்பி, பிளாட்டிக்கும் இந்தத் தண்ணீர் ஒத்துவரும். அடியில் போடும் கல்லில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல். சிக்லிட்டுக்கு அது பரவாயில்லை, மென்நீர் மீனுக்கு வேண்டாம்.

கடையில் இரண்டு அங்குலமாக இருக்கும் மீன் வளர்ந்தால் எவ்வளவு வரும் என்று கட்டாயம் கேளுங்கள். சில்வர் அரோவானா மூன்றடி வரை போகும், இரண்டடி அகலத் தொட்டியில் அதனால் திரும்பக்கூட முடியாது. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று கொடுக்கப்படும் சக்கர் மீன் ஒரு அடியைத் தாண்டி வளரும், கழிவும் அதற்கேற்ப இருக்கும். போன வருடம் ஒரு வீட்டில் இப்படி வளர்ந்துவிட்ட சக்கரை, "பாவமா இருக்குதுண்ணா, கோட்டை அகழியில விட்டுடலாம்னு இருக்கேன்" என்று அந்தத் தம்பி சொன்னார். நல்ல மனதோடு சொன்ன வார்த்தைதான். ஆனால் அது தென் அமெரிக்க மீன். கரையில் வளை தோண்டும், நம் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், தமிழ்நாட்டு நீர்நிலைகள் சிலவற்றில் ஏற்கெனவே பெருகிவிட்டது. அகழியானாலும் கழிஞ்சூர் ஏரியானாலும் தொட்டி மீனை எதிலும் விடாதீர்கள். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். அந்தச் சக்கரை நான் எடுத்து வந்து என் சிமெண்டுத் தொட்டியில் வைத்திருக்கிறேன்.

வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும், 35 டிகிரியில் 7கூடத் தேறாது. அதே சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது. கத்திரி வெயிலில் மேல்மூடியைக் கொஞ்சம் திறந்து, மீன் துள்ளி வெளியே விழாதபடி வலை போட்டு, தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மொட்டைமாடி வாட்டர் டேங்கில் சூடேறிய தண்ணீரை மத்தியானத்தில் மீன்தொட்டிக்குள் திறந்துவிட்டு ஒரே மணி நேரத்தில் மொத்த மீனையும் இழந்த வீடு ஒன்று எனக்குத் தெரியும். கோடையில் தண்ணீர் மாற்றுவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால் முதலில் நிற்பது காற்று. ஏர் பம்ப் சில வாட்ஸ்தான் எடுக்கும், அதை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிடுங்கள். தொட்டியின் பிளக்குகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும், கையை உள்ளே விடுமுன் சுவிட்சை அணைப்பதும் கட்டாயம். விளக்கு, செடி, பின்பக்க ஸ்டிக்கர் எல்லாம் உங்கள் விருப்பம்.

வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றவேண்டும் என்றால் 150 லிட்டர், அதாவது பத்துக் குடம். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் இருப்பவர்கள் தொட்டி வாங்குமுன்பே இதை யோசிக்கவேண்டும். எடுக்கும் தண்ணீரை மட்டும் சாக்கடையில் விடாதீர்கள். தென்னைக்கும் மல்லிகைக்கும் அதைவிட நல்ல உரத்தண்ணீர் கிடையாது.

இப்போது தொட்டி நிற்கிறது, தண்ணீர் நிரம்பியிருக்கிறது, மோட்டார் ஓடுகிறது. பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இந்த இடத்தில்தான்.

மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். ஃபில்டர் பஞ்சில் வளரும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவதை வாராந்தரத் தண்ணீர் மாற்றத்தில் குறைத்துவிடலாம். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா கிடையாது, அவை பெருகி நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நம் ஊருக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. பி.எச். (தண்ணீர் அமிலப் பக்கமா காரப் பக்கமா என்று காட்டும் எண்) 7 உள்ள தண்ணீரில் இருப்பதைவிட, 8 உள்ள தண்ணீரில் அதே அளவு அம்மோனியாவின் விஷப்பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு. நம் போர் தண்ணீர் பல வீடுகளில் 8க்குப் பக்கத்தில் இருக்கும். ஊர் மாறினால் தப்பிப் பிழைத்திருக்கக்கூடிய மீன் இங்கே ஒரு வாரத்தில் போய்விடுவது இதனால்தான்.

காட்பாடி காந்தி நகரில் ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வீட்டில் சமீபத்தில் ஆறடித் தொட்டி அமைத்தேன். ஒரு மாதம் மீன் கிடையாது என்றதும், "இன்னா தம்பி, வெறுந்தண்ணியப் பாக்கவா இவ்ளோ செலவு பண்ணேன்?" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். என் தொட்டியில் இரண்டு வருடம் ஓடிய பழைய ஃபில்டர் பஞ்சு ஒன்றைக் கொண்டுபோய் அவர் ஃபில்டரில் போட்டேன். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தண்ணீரில் போட்டு அழுகவிடச் சொன்னேன். சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டை ஏழாம் வகுப்புப் படிக்கும் அவர் பேத்தியிடம் கொடுத்தேன். அதில் அம்மோனியாவுக்கு மஞ்சளும் நைட்ரைட்டுக்கு வெளிர்நீலமும் வந்தால் விஷம் இல்லை என்று அர்த்தம்.

அந்தப் பெண் ஒரு கோடு போட்ட நோட்டில் நாளுக்கு இரண்டு கட்டம் போட்டு, சோதனைக் குழாயில் வந்த நிறத்தையே ஸ்கெட்ச் பேனாவால் தீட்டி வைத்தாள். அம்மோனியா கட்டம் மூன்றாம் நாள் மஞ்சளிலிருந்து பச்சையானது, ஒன்பதாம் நாள் கரும்பச்சை. அப்புறம் பச்சை வெளிற வெளிற, பக்கத்து நைட்ரைட் கட்டம் வெளிர்நீலத்திலிருந்து ஊதாவாக ஏறியது. பத்து நாள் வரிசையாக ஊதா. இருபத்தாறாம் நாள் இரவு எட்டு மணிக்கு பெரியவரே போன் செய்தார். "தம்பி, மஞ்சளும் நீலமும் வந்துடுச்சு. நேத்தும் அப்டிதான்."

சென்னை கொளத்தூரிலிருந்து எட்டு மஞ்சள் சிக்லிட் குட்டிகள் மட்டும் வரவழைத்தோம். மீதி மீன்கள் இரண்டிரண்டு வார இடைவெளியில் வரும், பாக்டீரியா அதற்கேற்பப் பெருகட்டும். தொட்டி விளக்கை அணைத்து, ஆக்சிஜன் பையைக் கட்டோடு இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பைத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகாமல் மீன்களை வலையால் எடுத்து விட்டோம். அன்று தீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஒரு போட்டோ வந்தது. புதிதாக இரண்டு கட்டம், ஒன்று மஞ்சள், ஒன்று நீலம், அதற்குக் கீழே பென்சிலால் "8 மீன்" என்று எழுதியிருந்தது.