சுருதியைக் கலைக்கும் ஒரு டிகிரி

யூரோராக் (தனித்தனிப் பகுதிகளைச் சேர்த்துக் கட்டும் சிந்தசைசர் வகை) அளவில் சொந்தமாக ஆசிலேட்டர் (ஒலி அலையை உண்டாக்கும் சுற்று) கட்டிய வாசகர் ஒருவர் கேட்கிறார்: “காலையில் கூட்டிய சுருதி மத்தியானம் நிற்பதில்லை. மலிவான டிரான்சிஸ்டர் போட்டதாலா?” விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சூடுதான் காரணம்.

இந்த வகை சிந்தசைசரில் ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். 220, 440, 880 ஹெர்ட்ஸ் என்று ஸ்தாயி இரட்டித்துப் போவது. கூட்டலாக வரும் வோல்ட்டைப் பெருக்கலாக மாற்றும் வேலையைச் சிலிக்கான் டிரான்சிஸ்டர் தானே செய்கிறது. அதன் மூன்று கால்கள் பேஸ், எமிட்டர், கலெக்டர். அறை வெப்பத்தில் அதன் பேஸ்–எமிட்டர் மின்னழுத்தம் 18 மில்லிவோல்ட் கூடினால் கலெக்டர் மின்னோட்டம் இரு மடங்காகும். அந்த மின்னோட்டம் கெபாசிட்டரை (மின்தேக்கியை) நிரப்பும் வேகமே சுருதி.

ஆனால் ஒரு டிகிரி சூடேறினால், அதே மின்னோட்டத்துக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறைவாகவே போதும். 18-இல் 2 என்றால் ஒன்பதில் ஒரு பங்கு ஸ்தாயி. அதாவது அரைச்சுரத்துக்கும் மேலே!

இதற்கான விடை அழகானது. இரண்டு டிரான்சிஸ்டர்களின் எமிட்டர்களை இணைக்கிறோம். முதலாவதில் எப்போதும் ஒரே மின்னோட்டம் ஓடும்படி, ஓர் ஆப்-ஆம்ப் (மின்னழுத்தப் பெருக்கிச் சில்லு) அந்த எமிட்டர் முனையின் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. சூட்டால் முதலாவதுக்கு 2 மில்லிவோல்ட் குறைவாகத் தேவைப்பட்டால் முனை அதற்கேற்ப நகரும். இரண்டாவதுக்கும் அதே அளவுதான் தேவை, அதே முனைதான் கிடைக்கிறது. பிழை காணாமல் போகிறது. மிஞ்சுவது இரண்டு பேஸ்களின் மின்னழுத்த வித்தியாசம் மட்டும்.

இங்கேதான் ஒரு மூடநம்பிக்கை. ஜோடி பொருத்தவென்று நூறு டிரான்சிஸ்டர்களை அளப்பவர்கள் உண்டு. பழைய சரக்கைத் தேடிக் காசைக் கொட்டுபவர்களும் உண்டு. ஒரே வகையில் இரண்டுக்கும் ஒரு மில்லிவோல்ட் வேறுபட்டால் சுருதி நிலையாகக் கொஞ்சம் தள்ளி நிற்கும், அவ்வளவே. சுருதிக் குமிழைத் திருகினால் சரி. ஆனால் இரண்டுக்கும் இடையே 0.1 டிகிரி வெப்ப வித்தியாசம் வந்தால் 13 சென்ட் விலகல், அதுவும் நிலையில்லாமல் அலையும். (அரைச்சுரம் 100 சென்ட்.) ஆகவே இரண்டு பிசி547 டிரான்சிஸ்டர்களின் தட்டையான முகங்களுக்கு நடுவே வெப்பப் பசை தடவி, ஒட்டவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் மாட்டுங்கள். சூடாகும் ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தை நிலைநிறுத்தும் சில்லு) பக்கம் வைக்கவே கூடாது.

இன்னும் ஒரு பாக்கி. அந்த 18 மில்லிவோல்ட்டே டிகிரிக்கு 0.33 சதவீதம் வளர்கிறது. ஐந்து ஸ்தாயி தள்ளி அது 20 சென்ட் பிழை. வரும் ஒரு வோல்ட்டை 18 மில்லிவோல்ட்டாகச் சுருக்குவது உள்ளீட்டு ஆப்-ஆம்ப். அதன் பின்னூட்டத்தில் டெம்ப்கோ ரெசிஸ்டர், அதாவது சூட்டோடு மதிப்பு ஏறும் ரெசிஸ்டர் (2 கிலோ ஓம்; டிகிரிக்கு 3300 பிபிஎம், அதாவது 0.33 சதவீதம்) போட்டால், அதுவும் அதே விகிதத்தில் வளர்ந்து ஈடுகட்டும். உள்ளீட்டுக்கு 100 கிலோ ஓமும், தொடராக 25 கிலோ ஓம் பல சுற்று டிரிம்மரும் (திருகிச் சரிசெய்யும் ரெசிஸ்டர்). டெம்ப்கோ அந்த ஜோடியைத் தொட்டபடி இருக்க வேண்டும். போர்டின் மறுமூலையில் வைத்தால் வீண்.

மின்சாரம் கொடுத்து இருபது நிமிடம் கழித்தே டிரிம்மரைத் தொடுங்கள். கீழ் ஸ்தாயிகள் சரியாகி உச்சியில் மட்டும் சுருதி இறங்கினால் டிரிம்மர்மேல் பழியில்லை. ரம்பப்பல் அலையில் கெபாசிட்டர் காலியாக எடுக்கும் நேரம் அது: ஒரு மைக்ரோவினாடி போனாலே 5000 ஹெர்ட்ஸில் 8 சென்ட்டுக்கு மேல் குறையும். கெபாசிட்டரோடு தொடராக ஒரு சிறு ரெசிஸ்டர் சேர்த்தால் தீரும். 1 நானோஃபாரட் என்றால் 1 கிலோ ஓம்.